கைத்தொழிற் பிரதேசமொன்றைச் சூழ வளி மாசடைதலை அளவிடல்

வளி மாசடைதல் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும்போது மாசாக்கிகளின் பெயர்களையும் அவற்றின் தீய விளைவுகளையும் எழுதுவதில் மாணவர் பலர் இடர்ப்படுவதில்லை. ஆனால் “ஒரு தொழிற்சாலை அயலிலுள்ள கிராமத்தின் வளியை மாசாக்குகின்றதா என்பதை எவ்வாறு துணிவீர்?” என வினவப்பட்டால் “கருவியொன்றினால் அளவிடலாம்” என்ற ஒரு வரியுடன் நின்றுவிடுகின்றனர். கருவி தருவது ஓர் எண்ணை மாத்திரமே. அந்த எண் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை மணித்தியாலத்துக்குரிய சராசரியாகப் பெறப்பட்டது என்பன தெரியாவிடின் அதனைக்கொண்டு எதனையும் நிறுவ முடியாது. இப்பாடத்தில் நுரைச்சோலை அனல் மின் நிலையச் சூழலை உதாரணமாகக் கொண்டு இவ்விடயத்தை ஆராய்வோம்.

1. எவை அளவிடப்படுகின்றன?

நிலக்கரி, எரிநெய் என்பவற்றை எரிக்கும் கைத்தொழில்களைச் சூழ்ந்த வளியில் முக்கியமாக அளவிடப்படுபவை தொங்கும் துணிக்கைகள், கந்தகவீரொட்சைட்டு, நைதரசனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு, ஓசோன் என்பனவாகும். துணிக்கைகள் அவற்றின் பருமனுக்கேற்ப வகுக்கப்படும். 10 மைக்கிரோமீற்றரும் அதற்குக் குறைந்த விட்டமும் உடையவை பிஎம் 10 எனவும், 2.5 மைக்கிரோமீற்றரும் அதற்குக் குறைந்த விட்டமும் உடையவை பிஎம் 2.5 எனவும் அழைக்கப்படும். பின்னையவை நுரையீரலின் சிற்றறைகள் வரை செல்லக்கூடியவை. ஆதலால் கண்ணுக்குத் தெரியும் கரித்தூசை விடக் கண்ணுக்குத் தெரியாத இந்நுண்துணிக்கைகளே உடலுக்குக் கூடிய தீங்கு விளைவிப்பன.

செறிவு பொதுவாக ஒரு கனமீற்றர் வளியிலுள்ள மாசாக்கியின் மைக்கிரோகிராம் அளவாகத் தரப்படும். இனி இதனை மை.கி./க.மீ. எனக் குறிப்போம்.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், சூழல் வளியின் தரத்துக்கான நியமங்கள் 1994 இல் வெளியிடப்பட்டு 2008 இல் திருத்தப்பட்டன. 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உயர்ந்தபட்ச அளவுகள் சில வருமாறு:

பிஎம் 10: 24 மணித்தியாலச் சராசரி 100, ஆண்டுச் சராசரி 50 மை.கி./க.மீ.
பிஎம் 2.5: 24 மணித்தியாலச் சராசரி 50, ஆண்டுச் சராசரி 25 மை.கி./க.மீ.
கந்தகவீரொட்சைட்டு: 1 மணித்தியாலம் 200, 8 மணித்தியாலம் 120, 24 மணித்தியாலம் 80 மை.கி./க.மீ.
நைதரசனீரொட்சைட்டு: 1 மணித்தியாலம் 250, 8 மணித்தியாலம் 150, 24 மணித்தியாலம் 100 மை.கி./க.மீ.

உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டல்கள் இவற்றை விட இறுக்கமானவை. அவற்றின்படி 24 மணித்தியாலச் சராசரி பிஎம் 10 இற்கு 45, பிஎம் 2.5 இற்கு 15, கந்தகவீரொட்சைட்டுக்கு 40 மை.கி./க.மீ. ஆகும். எனவே “நியமத்துக்கு உட்பட்டது” என எழுதும்போது எந்த நியமம் என்பதையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

குறிப்பு: புகைபோக்கியின் உள்ளே எடுக்கப்படும் அளவீடு வேறு, மக்கள் சுவாசிக்கும் சூழல் வளியில் எடுக்கப்படும் அளவீடு வேறு. முன்னையது தொழிற்சாலை எதனை வெளிவிடுகின்றது என்பதையும் பின்னையது அயலவர் எதனைச் சுவாசிக்கின்றனர் என்பதையும் காட்டும். மேலே தரப்பட்ட நியமங்கள் சூழல் வளிக்குரியவை. புகைபோக்கி போன்ற நிலையான மூலங்களுக்கெனத் தனியான ஒழுங்குவிதிகள் 2019 இல் வெளியிடப்பட்டன. விடைத்தாள்களில் இவ்விரண்டும் குழப்பப்படுவது வழக்கம்.

2. இடமும் காலமும்

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டில் மேற்குக் கரையோரமாக அமைந்துள்ளது லக்விஜய எனப் பெயர்பெற்ற நுரைச்சோலை அனல் மின் நிலையம். இதன் முதலாவது அலகு 2011 இலும் ஏனைய இரு அலகுகளும் சேர்ந்த இரண்டாம் கட்டம் 2014 இலும் தொடக்கிவைக்கப்பட்டன. ஒவ்வோர் அலகும் 300 மெகாவாற்று வீதம் மொத்தக் கொள்ளளவு 900 மெகாவாற்று ஆகும். புகையிலுள்ள சாம்பல் நிலைமின் வீழ்படிவாக்கியினாலும், கந்தகவீரொட்சைட்டு கடல்நீரினால் கழுவப்படுவதாலும் அகற்றப்படும் வகையில் இந்நிலையம் அமைக்கப்பட்டுள்ளது. (கடல்நீரிலுள்ள இருகாபனேற்று அயன்கள் காரத்தன்மை தருவதால் அமில வாயுவொன்றைக் கழுவ அது பொருத்தமானது. இரசாயனவியல் மாணவர் இதனை மனத்திற்கொள்ளலாம்.)

எனினும் இங்கு மாசு வெளியேறும் வழி புகைபோக்கி ஒன்று மாத்திரமன்று. திறந்த வெளியில் குவிக்கப்படும் நிலக்கரியும் சாம்பலும் காற்றினால் அடித்துச் செல்லப்படலாம். கரித்தூசும் சாம்பலும் வீடுகளிலும் தோட்டங்களிலும் படிவதாகப் பிரதேச மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். இம்முறைப்பாடு சரியானதா என்பதைக் கண்டறிய ஓர் அளவீட்டைத் திட்டமிடுவதாகக் கொள்வோம். முதலில் தீர்மானிக்க வேண்டியது கருவியை அன்று, மாதத்தையும் திசையையுமே.

தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், அதாவது மே தொடக்கம் செப்தெம்பர் வரை, காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கிப் பலமாக வீசும். நிலையம் கடற்கரையில் இருப்பதால் அதன் வடகிழக்கிலுள்ள குடியிருப்புகளும் வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களும் காற்றின் கீழ்த்திசையில் அகப்படும். வடகீழ் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், அதாவது திசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை, நிலைமை மறுதலையாகும். அப்போது நிலையத்திலிருந்து எழும் தூசும் புகையும் பெரும்பாலும் கடலை நோக்கியே செல்லும்.

இங்கு இன்னொரு விடயமும் உண்டு. நிலக்கரி கப்பல்களிலிருந்து சிறு படகங்களுக்கு மாற்றப்பட்டே கரைக்குக் கொண்டுவரப்படுகின்றது. தென்மேல் பருவத்தில் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் இவ்வேலை செய்ய முடியாது. ஆதலால் கடல் அமைதியான மாதங்களிலேயே அடுத்த பருவத்துக்குமான நிலக்கரியும் இறக்கிச் சேமிக்கப்படுகின்றது. விளைவு யாதெனில், காற்று கிராமங்களை நோக்கிப் பலமாக வீசத் தொடங்கும் வேளையில்தான் நிலக்கரி முற்றம் நிறைந்திருக்கும். சனவரி மாதத்தில் ஒரு வாரம் அளவிட்டுவிட்டு “இங்கு பாதிப்பில்லை” என முடிவு கூறுபவர் பிழையான கருவியைப் பயன்படுத்தியவர் அல்லர். எனினும் அவரது முடிவு யூலை மாதத்தில் அக்கிராமத்தில் சுவாசிப்பவருக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

அடுத்து, மாதிரியெடுக்கும் இடங்கள். குறைந்தது இரண்டு இடங்கள் தேவை. ஒன்று காற்றின் மேல்திசையிலும் மற்றையது கீழ்த்திசையிலும் இருத்தல் வேண்டும். மேல்திசையில் பெறப்படும் செறிவு பின்னணிச் செறிவாகும். உதாரணமாக ஒரே நாளில் கீழ்த்திசையில் பிஎம் 10 செறிவு 90 ஆகவும் மேல்திசையில் 52 ஆகவும் இருப்பின், இடையிலுள்ள மூலங்களின் பங்களிப்பு 38 மை.கி./க.மீ. எனக் கொள்ளலாம். நுரைச்சோலையில் தென்மேல் காற்றுக் காலத்தில் மேல்திசை என்பது கடலாகும். எனவே பின்னணி நிலையத்தைக் கடற்கரையிலேயே வைக்க நேரிடும். அங்கு அலைகளிலிருந்து எழும் உப்புத் துணிக்கைகளும் வடிதாளில் சேரும் என்பதை மறக்கலாகாது. இதற்குரிய திருத்தத்தைப் பிரிவு 4 இல் காண்போம்.

கீழ்த்திசையில் எவ்வளவு தூரத்தில் வைப்பது? இது மூலத்தின் உயரத்தைப் பொறுத்தது. நிலக்கரி முற்றத்திலிருந்து எழும் பருமனான தூசு அண்மையிலேயே படியும். ஏறத்தாழ 150 மீற்றர் உயரமான புகைபோக்கியிலிருந்து வெளியேறும் வாயுக்கள் முற்றத்துக்கு அருகே நிலத்தைத் தொடுவதில்லை; வெகுதூரம் சென்றே இறங்கும். கடற்கரைப் பிரதேசத்தில் பகல்வேளைகளில் இன்னொரு தோற்றப்பாடும் நிகழலாம். கடலிலிருந்து வரும் குளிர்ந்த வளி வெப்பமான நிலத்தின்மீது செல்லச் செல்ல, நிலத்தையொட்டிய கலங்கற் படையின் தடிப்பு கூடிக்கொண்டு போகும். அது புகையின் உயரத்தை எட்டும் இடத்தில் புகை முழுவதும் கீழே இழுத்துக் கலக்கப்படும். அவ்விடத்தில் சில மணித்தியாலங்களுக்குச் செறிவு திடீரென உயரும். ஆகவே தூசுக்குரிய உச்சமும் கந்தகவீரொட்சைட்டுக்குரிய உச்சமும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரே பெட்டியில் எல்லாக் கருவிகளையும் வைத்து வேலியோரத்தில் நிறுத்துவது வசதியானது, ஆனால் போதுமானதன்று.

கருவியின் வாய் வீதித் தூசு, விறகடுப்பு, குப்பை எரிக்கும் இடம், அடர்ந்த மரங்கள் ஆகியவற்றிலிருந்து விலகி இருத்தல் வேண்டும். காற்றின் கதியும் திசையும் அவ்விடத்திலேயே தொடர்ச்சியாகப் பதியப்படல் வேண்டும்.

3. துணிக்கைகளை அளவிடல்

நியம முறை நிறையறி முறையாகும். உயர் கனவளவு மாதிரியெடுப்பான் எனும் கருவி வளியை உறிஞ்சி, முன்னரே நிறுக்கப்பட்ட கண்ணாடி நார் வடிதாளொன்றினூடாகச் செலுத்தும். பிஎம் 10 ஐ அளவிடுவதாயின் பருமனான துணிக்கைகளை முன்னரே பிரித்துவிடும் விசேட உள்வாய் பொருத்தப்படும். 24 மணித்தியாலத்தின் பின் வடிதாள் மீண்டும் நிறுக்கப்படும்.

உதாரணம் 1 (தரவுகள் பயிற்சிக்காக ஆக்கப்பட்டவை)

வடிதாளின் தொடக்கத் திணிவு 4.3560 கிராம், இறுதித் திணிவு 4.5024 கிராம். பாய்ச்சல் வீதம் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 1.20 கனமீற்றர், இறுதியில் 1.06 கனமீற்றர். மாதிரியெடுத்த நேரம் 24 மணித்தியாலம். பிஎம் 10 செறிவைக் காண்க.

தீர்வு:
சேர்ந்த திணிவு = 4.5024 − 4.3560 = 0.1464 கிராம் = 146 400 மைக்கிரோகிராம்
சராசரிப் பாய்ச்சல் வீதம் = (1.20 + 1.06) ÷ 2 = 1.13 கனமீற்றர்/நிமிடம்
வளியின் கனவளவு = 1.13 × 1440 = 1627.2 கனமீற்றர்
செறிவு = 146 400 ÷ 1627.2 = 90 மை.கி./க.மீ. (அண்ணளவாக)

துணிக்கைகள் சேரச்சேர வடிதாளின் துளைகள் அடைபடுவதாலேயே பாய்ச்சல் வீதம் குறைகின்றது. தொடக்க வீதத்தை மாத்திரம் எடுத்துக் கணித்தால் விடை 84.7 ஆகும். அதாவது வளி உண்மையை விடத் தூய்மையானதாகத் தோன்றும்.

இதற்கு எதிர்மாறான வழுவும் உண்டு. வடிதாள் ஈரலிப்பை உறிஞ்சும். கரையோர வளியில் இது சாதாரணமானது. மேற்படி வடிதாள் 0.0200 கிராம் நீரை உறிஞ்சியிருந்தால் சேர்ந்த திணிவு 0.1664 கிராம் எனக் காட்டும். செறிவு 102 மை.கி./க.மீ. எனப் பெறப்படும். நியமத்துக்கு உட்பட்டிருந்த ஒரு நாள் நியமத்தை மீறிய நாளாகிவிடும்! இதனாலேயே மாதிரியெடுக்க முன்பும் பின்பும் வடிதாளை 24 மணித்தியாலம் மாறா வெப்பநிலையிலும் மாறா ஈரப்பதனிலும் வைத்து நிறுக்கின்றனர். “வடிதாள் ஏன் பதப்படுத்தப்படுகின்றது?” என்ற வினாவுக்கு விடை இதுவே.

அண்மைக் காலத்தில் ஒளிச் சிதறலைக் கொண்டு துணிக்கைகளை எண்ணும் மலிவான உணரிகளும் பாவனைக்கு வந்துள்ளன. நிமிடத்துக்கு நிமிடம் தரவு தருவது இவற்றின் சிறப்பாகும். ஆனால் ஈரப்பதன் கூடிய வேளையில் உப்புத் துணிக்கைகள் நீரை ஏற்றுப் பருத்துவிடுவதால் வாசிப்பு உண்மையிலும் கூடுதலாக அமையலாம். ஆகவே நியம முறையொன்றுடன் அருகருகே வைத்து ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே இவற்றின் தரவுகளை முடிவுகளுக்குப் பயன்படுத்தலாம்.

4. வடிதாளிலுள்ள தூசு எதனுடையது?

நிறையறி முறை மொத்தத் திணிவையே தரும். கடலுப்பு, வயல் மண், வீட்டு அடுப்புக் கரி, நிலக்கரித்தூசு, எரிசாம்பல் என்பன எல்லாம் அதற்கு ஒன்றே. தொழிற்சாலை “இது கடலுப்பு” என்றும் கிராமத்தவர் “இது உங்கள் கரி” என்றும் கூறினால் இருவரையும் தீர்த்துவைக்க 90 என்ற எண்ணால் முடியாது. எனவே மேலும் சில எளிய படிகள் தேவை.

படிந்த தூசின் ஒரு பகுதியைக் காய்ச்சி வடித்த நீரில் இட்டு வடித்தால் உப்புக் கரைந்து செல்லும். வடிதிரவத்திலுள்ள குளோரைட்டை வெள்ளி நைத்திரேற்றினால் நியமித்துக் கடலுப்பின் அளவை மதிப்பிடலாம். கரையாத மீதியை உலர்த்தி நிறுத்துப் பின் உயர் வெப்பநிலையில் எரித்தால் கரிப்பொருள் எரிந்துபோகும். இழக்கப்பட்ட திணிவு பெரிதாயின் நிலக்கரித்தூசு அல்லது வேறு சேதனப் பொருள் உண்டு என்பது பொருள். எஞ்சியது மணலும் சாம்பலுமாகும். இவ்விரண்டையும் நுணுக்குக்காட்டியில் வேறுபடுத்தலாம். உலையில் உருகிக் குளிர்ந்த எரிசாம்பற் துணிக்கைகள் பெரும்பாலும் கண்ணாடித் தன்மையுடைய கோளங்களாக இருக்கும். மணற்துணிக்கைகள் ஒழுங்கற்ற வடிவமும் முனைகளும் உடையவை.

கந்தகவீரொட்சைட்டுக்கும் அயலிலுள்ள ஏனைய மூலங்களைக் கவனிக்க வேண்டும். அதே மாவட்டத்தில் பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலையொன்று உண்டு. வீதிகளில் டீசல் வாகனங்கள் உண்டு. காற்றுத்திசைப் பதிவு இல்லாமல் இவற்றைப் பிரித்தறிய இயலாது.

5. கந்தகவீரொட்சைட்டை அளவிடல்

பாடசாலை ஆய்வுகூட அறிவுடன் விளங்கிக்கொள்ளக்கூடியது அமில நியமிப்பு முறையாகும். அறியப்பட்ட வீதத்தில் வளி ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலினூடாகக் குமிழிகளாகச் செலுத்தப்படும். கந்தகவீரொட்சைட்டு ஒட்சியேற்றப்பட்டுச் சல்பூரிக்கமிலமாகும். இவ்வமிலம் ஐதான காரமொன்றுடன் நியமிக்கப்படும்.

உதாரணம் 2 (தரவுகள் பயிற்சிக்காக ஆக்கப்பட்டவை)

நிமிடத்துக்கு 2 லீற்றர் வீதம் 24 மணித்தியாலம் வளி செலுத்தப்பட்டது. வெற்றுச் சோதனைக்குரிய திருத்தத்தின் பின், லீற்றருக்கு 0.0020 மூல் செறிவுடைய சோடியமைதரொட்சைட்டுக் கரைசலின் 4.50 கன சென்ரிமீற்றர் தேவைப்பட்டது.

தீர்வு:
வளியின் கனவளவு = 2 × 1440 = 2880 லீற்றர் = 2.88 கனமீற்றர்
சோடியமைதரொட்சைட்டு = 4.50 × 0.0020 ÷ 1000 மூல் = 9.0 மைக்கிரோமூல்
1 மூல் சல்பூரிக்கமிலம் 2 மூல் காரத்துடன் தாக்கமுறும். எனவே கந்தகவீரொட்சைட்டு = 4.5 மைக்கிரோமூல்
திணிவு = 4.5 × 64 = 288 மைக்கிரோகிராம்
செறிவு = 288 ÷ 2.88 = 100 மை.கி./க.மீ.

இது 24 மணித்தியால நியமமான 80 ஐ மீறுகின்றது. இரண்டால் வகுக்க மறந்தால் விடை 200 ஆகும். புள்ளிகள் இழக்கப்படுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. 25 பாகை செல்சியசிலும் 1 வளிமண்டல அமுக்கத்திலும் ஒரு மூல் வாயுவின் கனவளவு 24.45 லீற்றர் ஆதலால், 100 மை.கி./க.மீ. என்பது ஏறத்தாழ 0.038 மில்லியனில் ஒரு பங்கு ஆகும்.

இம்முறை அமிலங்கள் அனைத்தையும் கந்தகவீரொட்சைட்டாகவே எண்ணும். ஐதரசன் குளோரைட்டு இருந்தால் விடை கூடும். மாறாக, எருவும் பசளையும் இடப்பட்ட தோட்டங்களிலிருந்து எழும் அமோனியா அமிலத்தை நடுநிலையாக்கி விடையைக் குறைக்கும். கற்பிட்டி போன்ற பயிர்ச்செய்கைப் பிரதேசத்தில் இது கவனிக்கத்தக்கது. இதனால் உத்தியோகபூர்வ அளவீடுகளில் பரறோசனிலின் நிறமானி முறையோ, புறஊதாப் புளொரொளிர்வைக் கொண்டு தொடர்ச்சியாக அளவிடும் தன்னியக்கப் பகுப்பானோ விரும்பப்படும்.

6. சராசரி மறைப்பவை

ஒரு நாளின் 20 மணித்தியாலங்களில் கந்தகவீரொட்சைட்டுச் செறிவு 20 ஆகவும், புகை கீழிறங்கிய 4 மணித்தியாலங்களில் 260 ஆகவும் இருந்ததாகக் கொள்க. 24 மணித்தியாலச் சராசரி (20 × 20 + 4 × 260) ÷ 24 = 60 மை.கி./க.மீ. ஆகும். இது 80 இலும் குறைவு. அறிக்கையில் “நியமத்துக்கு உட்பட்டது” என எழுதப்படலாம். ஆனால் 1 மணித்தியால நியமமான 200 நான்கு தடவை மீறப்பட்டுள்ளது. ஆஸ்துமா நோயாளி ஒருவர் சராசரியைச் சுவாசிப்பதில்லை. அந்த நான்கு மணித்தியாலங்களையும் அவர் முழுமையாகவே சுவாசிக்கின்றார். 24 மணித்தியாலக் குமிழி முறை இதனை ஒருபோதும் காட்டாது என்பதையும், மணிக்கு மணி பதியும் பகுப்பான் ஏன் தேவை என்பதையும் இவ்வுதாரணத்தைக்கொண்டே விளக்கலாம்.

7. பாடசாலை மட்டத்தில் செய்யக்கூடியவை

வாய் அகன்ற வாளியொன்றைத் திறந்த வெளியில் 30 நாட்கள் வைத்து வீழ்படியும் தூசைச் சேகரிக்கலாம். வாளிவாயின் பரப்பளவு 0.0707 சதுர மீற்றராகவும் சேர்ந்த கரையாத தூசு 0.424 கிராமாகவும் இருந்தால் தூசு வீழ்ச்சி நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 0.20 கிராம் ஆகும். ஒரே மாதிரியான வாளிகளை நான்கு திசைகளிலும் வைத்து ஒப்பிடுவது ஒரு வாளியை மிகக் கவனமாக நிறுப்பதை விடப் பயன் தரும். மரப்பட்டைகளிலுள்ள இலைக்கன்கள் கந்தகவீரொட்சைட்டுக்கு உணர்ச்சியுள்ளவை. அவற்றின் எண்ணிக்கையும் வகையும் நீண்டகால நிலைமையைக் காட்டும். எனினும் இவை செறிவைத் தரமாட்டா.

பயிற்சி வினாக்கள்

(அ) நுரைச்சோலையில் நிலையத்துக்கு வடகிழக்கே 1 கிலோமீற்றர் தொலைவில் சனவரி மாதத்தில் மூன்று நாட்கள் அளவிட்ட மாணவனொருவன் பிஎம் 10 செறிவு 35 மை.கி./க.மீ. எனப் பெற்று, “நிலையத்தினால் கிராமத்துக்குப் பாதிப்பில்லை” என முடிவு செய்தான். இம்முடிவை விமர்சிக்க.

விடைக் குறிப்பு: வடகீழ் பருவத்தில் அவ்விடம் காற்றின் மேல்திசையிலுள்ளது, எனவே பெறப்பட்டது பின்னணிச் செறிவே. இவ்வெண் வீணானதன்று, யூலை மாத அளவீட்டை ஒப்பிட அது உதவலாம். மூன்று நாட்கள் போதா. காற்றுப் பதிவு தரப்படவில்லை. பிஎம் 2.5 உம் வாயுக்களும் அளவிடப்படவில்லை.

(ஆ) உதாரணம் 1 இன் செறிவை இலங்கை நியமத்துடனும் உலக சுகாதார நிறுவனத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டலுடனும் ஒப்பிடுக.

விடைக் குறிப்பு: 100 இலும் குறைவு, 45 இன் இரு மடங்கு.

(இ) சீமெந்துத் தொழிற்சாலைக்கு அருகே சேகரித்த மழைநீரின் பிஎச் பெறுமானம் 6.4 ஆகும். தூய மழைநீரின் பெறுமானம் ஏறத்தாழ 5.6 ஆகும். இதிலிருந்து அப்பிரதேச வளியில் கந்தகவீரொட்சைட்டு இல்லை எனக் கூறலாமா?

விடைக் குறிப்பு: கூற முடியாது. சுண்ணாம்புக்கல், சீமெந்துத் தூசு என்பன காரத்தன்மை உடையவை. அமிலத்தை நடுநிலையாக்கிப் பிஎச் பெறுமானத்தை உயர்த்தும். மழைநீரிலுள்ள சல்பேற்று அயனை பேரியம் குளோரைட்டினால் வீழ்படிவாக்கி நிறுத்துப் பார்க்க வேண்டும். கடற்கரைப் பிரதேசமாயின் கடலுப்பிலிருந்து வரும் சல்பேற்றைக் குளோரைட்டின் அளவைக்கொண்டு கணித்துக் கழித்தல் வேண்டும்.